மூடி திறந்த டப்பா

ரவுண்டப், மொன்டானா
1997 ஏப்ரல் 14

ஆரின்,

மூத்த பேத்தி டெஸ்ஸா கால்நடை டாக்டராகிவிட்டாள். போன மாதம் பனிப்புயலில் ஒரு பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தது. தோள்வரை கையை விட்டு ஒற்றை ஆளாகத் திருப்பி எடுத்தாள். பசுவும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. கோல்பி வெல்டிங் பரீட்சையில் முதல் ஆள். லாரல் எண்ணெய் ஆலையில் அவன் ஒட்டிய குழாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லையாம். குறை கண்டுபிடிக்க நீ அங்கே இல்லை, அதுதான் காரணம். பிராண்ட் கப்பற்படையில் நீர்மூழ்கியில் இருக்கிறான். எழுபது நாள் கடலுக்கு அடியில் இருந்துவிட்டு வந்தும் பாட்டி பிறந்த நாளை மறக்கவில்லை. கடைக்குட்டி மாலின் வளர்த்த ஆட்டுக்குட்டிக்கு மாவட்டச் சந்தையில் நீல ரிப்பன், முதல் பரிசு. அவள் இப்போது ஆறாவது. என்னைவிட ஒரு வகுப்பு மேலே போய்விட்டாள். இனி அவள் சொல்வதை நான் கேட்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், பத்தொன்பது வருஷத்தில் நீ ஒன்றையும் கேட்கவில்லை. இது எல்லாம் என் புருஷன் செல்மர் பிரெக்கின் ரத்தம். நீ பொய்யன் என்று எழுதி வைத்த ஆளின் ரத்தம். நன்றாகத் தெரிந்துகொள்.

உன் அட்டை வந்தது. மூன்று வரி. "விளம்பரம் பார்த்தேன். கார்வர் 25 தானா? சீல் உடையாதது எத்தனை?" கீழே "ஆ. ஸ்ட்ரவுட்." அக்கா என்று ஒரு சொல் இல்லை. நான் என்ன ஹார்டுவேர் கடையா?

ஆமாம், அந்தத் துப்பாக்கி மருந்து கார்வர் 25 தான். அவருடைய பின்கொட்டகை அலமாரியில் ஒன்பது டப்பா. எட்டு சீல் வைத்தது, ஒன்று மூடி திறந்தது. ஈயக் குண்டு வார்ப்பவர்களின் மாதத் தாளில் என் மகன் கோர்டன்தான் விளம்பரம் போட்டான். "உனக்கு எதுக்கும்மா அது, வித்துடு" என்றான். அந்த வாரமே பதினான்கு கடிதம். இதுவரை நான் பார்த்திராத ஆண்கள் எல்லாம் "அன்புள்ள அம்மா" என்று எழுதுகிறார்கள். ஆர்கன்சாவில் ஒருவர் இரண்டு நாள் வண்டி ஓட்டிக்கொண்டு வரத் தயாராம். எனக்கு வியப்பு அடங்கவில்லை, ஆரின். வீட்டிலே ஈயம் உருக்கி, அச்சில் குண்டு வார்த்து, சுட்டுப் போட்ட தோட்டாக் கூட்டைப் பொறுக்கி மறுபடி நிரப்புகிற மனிதர்கள். பழைய இரும்பைக்கூடத் தூக்கிப் போட மனசு வராதவர்கள். அவர்கள் ஒரு சாம்பல் நிறத் தூளுக்காக இப்படிக் கெஞ்சுவார்களா? செய்கிறவன் எண்பத்தொன்றிலேயே நிறுத்திவிட்டான் என்பதால்தான் இவ்வளவு மவுசு என்று கோர்டன் சொல்கிறான்.

தபாலில் அனுப்பச் சொல்லிக் கேட்காதே. மருந்தைத் தபாலில் போட்டால் ஜெயில் என்று போஸ்ட் ஆபீஸ் பெண் சொல்லிவிட்டாள். வேண்டுமென்றால் நேரில் வர வேண்டும். நீ வர வேண்டுமென்றால் முதலில் ஒன்று செய்ய வேண்டும். எழுபத்தெட்டு ஜூலைத் துப்பாக்கிப் போட்டியில் செல்மரின் கடைசி இலக்குத் தாளில் ஐந்து குண்டும் பட்டது என்று உன் கையால் எழுதி அனுப்பு. நாலு என்று நீ எழுதினதால் முதல் இடம் யாருக்குப் போனது? அந்த ஈய உருக்குச் சட்டியைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு போனது யார்? கணக்குப் பார்த்ததும் நீ, ஜெயித்ததும் நீ.

பிப்ரவரியில் அவரை அடக்கம் செய்த அன்று கல்லறை வேலிக்கு வெளியே ஐடஹோ நம்பர் போட்ட பச்சை டிரக் ஒன்று இஞ்சின் ஓடியபடி நின்றதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நினைக்காதே.

லியோட்டா


சாமன், ஐடஹோ
1997 ஏப்ரல் 23

மதிப்புக்குரிய அக்கா லியோட்டாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளைகள் நன்றாக இருப்பதில் சந்தோஷம். கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

அன்றைக்குப் போட்டி நூறு கஜம். ஆளுக்கு ஐந்து குண்டு. செல்மரின் தாளில் இருந்தது ஒரே ஓட்டை. ஈயக் குண்டு தாளைத் துளைக்கும்போது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் வளையம் விடும். ஒன்றின்மேல் ஒன்று பட்டிருந்தாலும் அந்த வளைவுகளை லென்ஸ் வைத்து எண்ணலாம். மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் நான்கு. நான் பொய்யன் என்று எழுதவில்லை. நான்கு என்று எழுதினேன்.

முப்பத்தொரு வருஷம் நிலம் அளந்து பிழைத்தவன் நான். எல்லைக்கல் இல்லாத இடத்தில் எல்லைக்கல் இருப்பதாக ஒரு முறைகூட வரைபடத்தில் குறித்ததில்லை. மருந்து வேண்டும் என்பதற்காக இப்போது அதைச் செய்ய மாட்டேன்.

சட்டியைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம்.

மருந்து எனக்கு ஏன் வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன். இப்போது கடையில் கிடைப்பவை முரட்டு மருந்துகள். கூட்டின் அடியில் துளி போட்டால் போதும். கை மறந்து இரண்டு தரம் போட்டுவிட்டாலும் பார்த்தால் தெரியாது, சுடும்போதுதான் தெரியும். கார்வர் 25 பஞ்சு மாதிரி. கூட்டை நிறைத்துவிடும். இரண்டாவது தரம் போட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஈயக் குண்டை மென்மையாகத் தள்ளும். எனக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணிலும் புரை. செப்டம்பரில் இங்கே போட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு முறை சுட்டுப் பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

தயவுசெய்து செய்ய வேண்டியவை: டப்பாக்களை வெயில் படும் ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். திறந்த டப்பாவை மட்டும் அடுப்பு, சிகரெட் இல்லாத இடத்தில் மூடியைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். புளித்த நெடி, செந்தூசி இருந்தால் கெட்டுவிட்டது. எல்லாம் ஒரே அலமாரியில் இருந்தவை. அது எப்படி இருக்கிறதோ, சீல் வைத்தவையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பார்த்த பிறகு அந்தத் திறந்த டப்பாவைப் புல்லில் மெலிதாகத் தூவிவிடுங்கள். செடிக்கு உரமாகும். அதை விலைக்குக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அடுத்தவன் திறந்த டப்பாவை எங்கள் ஆட்கள் தொட மாட்டார்கள். உள்ளே இருப்பது லேபிளில் இருப்பதுதானா என்பதற்குத் திறந்தவனின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. வேறு மருந்து கலந்திருந்தால் துப்பாக்கி பின்பக்கம் வெடித்து முகத்துக்கு வரும்.

பிப்ரவரியில் குளிர் பூஜ்யத்துக்கு இருபது கீழே. அதனால்தான் இஞ்சினை நிறுத்தவில்லை.

இப்படிக்கு,
ஆரின் ஸ்ட்ரவுட்


ரவுண்டப்
1997 மே 4

ஆரின்,

"நீங்கள்" போட்டு எழுதுகிறாயே, யாருக்கு எழுதுகிறாய்? உனக்கு அம்மை போட்டபோது உன் முதுகைச் சொறியவிடாமல் ராத்திரி பகலாகக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான். பீட்ரூட் வயலுக்குப் போக ஆள் வேண்டும் என்று ஐந்தாவதோடு என் படிப்பை நிறுத்தினார்கள். உனக்குப் பூட்ஸ் வாங்கினார்கள். நீ படித்தாய், நிலம் அளந்தாய். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. இப்போதுதான் சொல்லிக் காட்டுகிறேன்.

முகர்ந்தேன். அடுப்பை அணைத்து, ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டு, வெளியே கொண்டுபோய்க் கழற்றினேன். புளிக்கவில்லை. செந்தூசி இல்லை. நகச்சாயம் துடைக்கிற மருந்து மாதிரி ஒரு கூர்மையான இனிப்பு வாடை. அவருடைய சட்டைக் கையில் நாற்பது வருஷம் இருந்த வாடை, ஆரின். சட்டைகளை எல்லாம் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேனே என்று தவித்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு டப்பாவுக்குள் மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூடியைத் திருப்பிப் போடவே எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் டப்பாவின் பக்கத்தில் ஒட்டியிருந்த டேப்பைப் படித்தேன். பென்சில் எழுத்து. "கா-25. திறந்தது 1978 ஜூன் 11. வேறெதுவும் கலக்கவில்லை. செ.பி." அதற்குக் கீழே ஏதோ அளவு.

தேதியைப் பார். போட்டிக்கு மூன்று வாரம் முன்னால். நீ நாலு என்று எண்ணினாயே, அந்தக் குண்டுகளைத் தள்ளினது இந்த டப்பாதான். அதற்குப் பிறகு அவர் இதிலிருந்து ஒரு சிட்டிகை எடுக்கவில்லை. போட்டிக்கே போகவில்லை. மான் வேட்டைக்கு வேறு மருந்து, வேறு துப்பாக்கி. அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் குத்தி வைத்து, டப்பாவை அதன் கீழே வைத்தார். வருஷா வருஷம் துடைத்து வைப்பார். கேட்டால், "நாலு குண்டு போட்ட மருந்து, பத்திரமா இருக்கட்டும்" என்பார். சிரிக்க மாட்டார்.

நீயே எழுதிவிட்டாய் அல்லவா, திறந்த டப்பாவுக்குத் திறந்தவன் சொல்தான் சாட்சி என்று. சரி. சீல் வைத்த எட்டும் உனக்கு இல்லை. அதைத் தொடுவதற்கு எவனும் யாரையும் நம்பத் தேவையில்லை. இந்த ஒன்றை வேண்டுமானால் தருகிறேன், சும்மாவே. செல்மர் ஒரு குண்டுக்காகப் பொய் சொல்கிற ஆள் என்றால் அவர் எழுதின டேப்பும் பொய்யாக இருக்கலாம், இல்லையா? இதை நிரப்பி உன் மிச்சமிருக்கிற ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து விசையை இழு. இழுக்கத் தைரியம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நானும் ஒன்றை மறைக்கக் கூடாது. பழைய மருந்து செடிக்கு நல்லது என்று அவர் சொன்னது ஞாபகம் வந்து, போன வருஷம் இதிலிருந்து இரண்டு கரண்டி தக்காளிக்குப் போட்டேன். எடுத்தேனே தவிர ஒன்றும் போடவில்லை. காய்ந்த கரண்டி. தக்காளி ஒவ்வொன்றும் கைக்குழந்தை தலை மாதிரி காய்த்தது. அவருக்குத் தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

லியோட்டா


சாமன்
1997 மே 21

அக்காவுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஜூன் 7, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன். திறந்த டப்பாவுக்காக.

அந்தத் தாளையும் ஒரு முறை பார்க்க அனுமதி வேண்டும். வீட்டுக்குள் வர வேண்டாம் என்றால் வரவில்லை.

கரண்டி காய்ந்த கரண்டிதானே? நிச்சயமாகத் தெரியுமா?

ஆரின்


ரவுண்டப்
1997 ஜூன் 10

ஆரின்,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். மலை மேல் கணவாயில் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். உன்னிடம் நேரில் சொல்ல முடியாததைக் காகிதத்தில் எழுதிவிடுகிறேன், எனக்கு அதுதான் வசதி.

உன்னைப் பார்த்ததும் அப்பா வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். அதே கூன். தொப்பியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிலேயே நிற்கிறாய். "உள்ளே வா" என்று நான் சொல்லவில்லை. "வரட்டுமா" என்று நீ கேட்கவில்லை. இரண்டு கழுதைகள்.

கொட்டகையில் நீ அந்தத் தாளைப் பார்த்த நேரத்தில் ஒரு ரொட்டியே சுட்டு எடுத்திருக்கலாம். லென்ஸை வைக்கிறாய், எடுக்கிறாய், கண்ணைத் துடைக்கிறாய்.

"எத்தனை?"ன்னு கேட்டேன்.

"நாலுதான் தெரியுது."

"பத்தொன்பது வருஷத்துல கண்ணு தெளிஞ்சிருக்கும்னு பார்த்தேன்."

"தெளியல. ஒண்ணு போயிடுச்சு."

"அப்ப ஒத்தைக் கண்ணுக்கே நாலு தெரியுதுன்னா, ரெண்டு கண்ணு இருந்தப்ப எட்டுல்ல தெரிஞ்சிருக்கணும்!"

நீ சிரித்துவிட்டாய். நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். எனக்கும் பல் தெரிந்திருக்கும்.

ஆனால் நான் கவனித்தது வேறு. டப்பாவை உன் கையில் கொடுத்ததும் நீ மூடியைத் தொடவில்லை. அந்த டேப்பின் மேல் கட்டைவிரலை வைத்து எழுத்தைத் தடவினாய். "இது அவர் எழுத்துதான்" என்றாய். யார் எழுத்து என்று நான் சந்தேகப்பட்டேனா? உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய்.

ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரம் ஒரு துண்டு கொடுத்தேன். அதை டிரக்கில் உட்கார்ந்து தின்றுவிட்டுத் தட்டை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். கழுவி வைத்திருக்கிறாய். எதில் கழுவினாய், மழைத் தண்ணியிலா?

ஒன்று சொல்கிறேன். வீம்புக்குத்தான் அந்த டப்பாவைக் கொடுத்தேன். நீ அதை மடியில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. அவர் கலந்திருக்க மாட்டார், தெரியும். ஆனாலும் பத்தொன்பது வருஷம். அது வெடித்து உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர் பேரும் போய், நீயும் போய், நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்? வேண்டாம் என்று தோன்றினால் புல்லில் தூவிவிடு. நான் கேட்க மாட்டேன். உண்மையாகவே கேட்க மாட்டேன்.

ஆர்கன்சாக்காரருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

அக்கா


சாமன்
1997 ஜூலை 6

அன்புள்ள அக்கா,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இன்று காலை நடந்ததை வரிசையாக எழுத முயற்சிக்கிறேன்.

அத்தான் டேப்பில் எழுதின அளவுக்கு நேராகப் போகவில்லை. எப்போதும் போலக் குறைவாக ஆரம்பித்து, மூன்று நாள் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். முதல் நாள் முதல் தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டுத் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தபோது, "வேறெதுவும் கலக்கவில்லை" என்ற வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் பயப்படவில்லை. பத்தொன்பது வருஷமாக நான் அத்தானை நம்பாமல் இருந்ததே இல்லை, அக்கா. நான் நம்பியது என் லென்ஸை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றபோது லென்ஸின் பக்கம் போய்விட்டேன். விசையை இழுத்தேன். கதவை மெதுவாகச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இந்த முறை இன்னொரு ஏற்பாடு செய்திருந்தேன். பெரிய போட்டிகளில் இப்போதெல்லாம் அப்படிச் செய்கிறார்கள். அன்றைக்கு நம்ம ஊர்க் கிளப்பில் கிடையாது. தாளுக்குப் பின்னால் மூன்று கஜம் தள்ளி ஒரு பலகையில் நீளமான காகிதச் சுருளைக் கட்டினேன். ஒவ்வொரு குண்டு சுட்டதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே நீளக் கயிற்றை இழுத்துச் சுருளை ஒரு சாண் நகர்த்திவிடுவேன். முன் தாளில் எல்லாம் ஒரே ஓட்டையில் போனாலும், பின் சுருளில் தனித்தனியாக விழும்; சுடும் இடத்திலிருந்து அது தெரியாது. ஒவ்வொரு தாளுக்கும் போக வர இருநூறு கஜம். என் முட்டிக்கு அது பிடிக்கவில்லை.

இன்று முதல் இரண்டு தாளும் சுமார். ஐந்து ஓட்டையையும் ஒரு வெள்ளி டாலர் காசு வைத்து மூடலாம். மூன்றாவது தாளுக்குக் காற்று நின்றுவிட்டது. ஆற்றுப் பக்கத்து இலைகூட அசையவில்லை. டேப்பில் இருந்த அதே அளவு. ஒன்று சுட்டேன். இரண்டு. மூன்றாவது சுட்டுத் தொலைநோக்கியில் பார்த்தால் ஓட்டை கொஞ்சம் தடித்திருக்கிறது. நான்காவதுக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாவதுக்கும் ஒரு மாற்றமும் இல்லை. குண்டு எங்கேயோ வானத்துக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். வாய்விட்டே சொன்னேன், "ரெண்டு தப்பிடுச்சுடா ஆரின்"னு.

நடந்து போனேன். முதலில் முன் தாள்தான். லென்ஸ் வைத்து எண்ணினேன். மூன்று. திருப்பிப் பிடித்து எண்ணினேன். மூன்று. முப்பது வருஷமாக எப்படி எண்ணுவேனோ அப்படியே எண்ணினேன். மூன்றுதான்.

பிறகு பின்னால் போனேன்.

ஐந்து ஓட்டை, அக்கா. ஒரு சாணுக்கு ஒன்று, கட்டிலில் வரிசையாகப் படுத்திருக்கிற குழந்தைகள் மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் என் காலிலிருந்து மடிக்கு வந்துவிட்டது.

நான் சுட்டது. என் கையால் சுட்டது. அதையே நான் மூன்று என்று எழுதியிருப்பேன். என் சொந்தத் தாளுக்கே மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன், நேர்மையாக. குண்டு குண்டின் வழியிலேயே அவ்வளவு நேராகப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஓரத்தைத் தொடாமல் போனால் சுவடு இருக்காது என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்றுதான் எண்ணத் தெரிந்த எல்லாரும் நினைக்கிறோம். அத்தான் அன்றைக்கு என்னிடம், "அப்ப அஞ்சாவது எங்க போச்சு, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டார். "அது நீங்க சொல்லணும்" என்றேன். எத்தனை பேர் முன்னாடி சொன்னேன்.

போட்டிப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. கணக்காளர் தன் தப்பைத் தானே அடித்துத் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்திடலாம் என்று விதி. நான்கை அடித்து ஐந்து என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தையும், இன்றைய என் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். முதல் இடம்: செல்மர் பிரெக். சட்டியில் இந்த நாள் வரை ஈயம் உருக்கவில்லை. கனமாக இருக்கிறது, தபாலுக்கு ஆகாது. நானே கொண்டுவருகிறேன், வரலாம் என்றால்.

பிப்ரவரியில் குளிருக்காக இஞ்சினை ஓடவிடவில்லை. நிறுத்தினால் இறங்கி வந்துவிடுவேனோ என்றுதான் நிறுத்தவில்லை.

உன் தம்பி
ஆரின்


ரவுண்டப்
1997 ஜூலை 13

என் தம்பி ஆரினுக்கு,

கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படிக்க ஆரம்பித்து, "ஐந்து ஓட்டை, அக்கா" என்ற இடத்தில் நாற்காலியைத் தேடினேன். மூன்று தரம் படித்தேன். பிறகு மாலினை வரச் சொல்லி அவளை உரக்கப் படிக்கச் சொன்னேன். ஆறாவது படிக்கிறவள் படித்தால் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை. படித்து முடித்துவிட்டு, "அப்போ தாத்தா ஜெயிச்சுட்டாரா பாட்டி?" என்றாள். "ஆமா. பத்தொன்பது வருஷம் லேட்டா" என்றேன்.

உன் தாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவர் தாளைக் கதவிலிருந்து கழற்றினேன். உன் தாளின் மேல் அதை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று தெரியவில்லை. கொஞ்சம் நகர்த்தினேன், ஓட்டை ஓட்டையோடு பொருந்தியது. வேறு வருஷம், வேறு துப்பாக்கி, வேறு கை, ஒரே டப்பா. அந்தத் துளை வழியாக வெளியே பார்த்தேன். என் தக்காளிச் செடி ஒன்று தெரிந்தது. அவ்வளவு சின்னத் துளை வழியாக, முழுச் செடியும், கொடிக்கயிறும், பின்னால் மலையும். எனக்கு எழுபத்தோரு வயது. அவர் அந்தக் கொட்டகையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். குப்பையைக் கூட்டாமல் விடுகிறார் என்று நாற்பது வருஷம் திட்டியிருக்கிறேன்.

இரண்டு தாளையும் சேர்த்தே குத்தி வைத்துவிட்டேன். புத்தகப் பக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, டெஸ்ஸாவின் டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கும் கோல்பியின் வெல்டிங் சர்ட்டிபிகேட்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறேன். சட்டம் கொஞ்சம் பெரிசு, பரவாயில்லை.

உன்னை மன்னித்தேனா என்று கேட்பாய். கேட்காதே. அவர் உயிரோடு இருக்கும்போது நீ அந்தச் சுருளைக் கட்டியிருக்கலாம். அதை நினைத்தால் இன்னும் உன் காதைத் திருகணும் போல இருக்கிறது. ஆனால் ஒன்று கேள். போட்டிக்கே போகாத மனுஷன், எண்பத்தொன்றில் இந்த மருந்தை நிறுத்துகிறார்கள் என்று கேட்டதும் பில்லிங்ஸ் வரை போய் எட்டு டப்பா வாங்கி வந்தார். "சுடாத ஆளுக்கு எதுக்கு இவ்ளோ?" என்று கத்தினேன். "கிடைக்காமப் போயிடும். அப்புறம் யாராவது கேட்டு வருவான்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆர்கன்சாக்காரருக்கு நேற்று எழுதிவிட்டேன், வர வேண்டாம் என்று. மற்ற பதின்மூன்று பேருக்கும் மாலின் எழுதிக்கொண்டிருக்கிறாள். "அன்புள்ள ஐயா, டப்பாக்களுக்கு ஆள் வந்துவிட்டது." எட்டும் உனக்காக இருக்கின்றன. விலை விளம்பரத்தில் போட்ட விலைதான். தம்பி என்று குறைக்க மாட்டேன். சட்டியைக் கொண்டு வா. இந்தத் தரம் படியில் நிற்காதே, ரூபார்ப் பலகாரத்தை மேஜையில் உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். செப்டம்பர் போட்டியில் சுடு. பிறகு கண் ஆபரேஷனை ஒத்திப் போடாமல் செய்துகொள்.

இன்னொரு காரியம். முன்னறைச் சுவரில் எல்லார் போட்டோவும் இருக்கிறது. பிராண்ட் கப்பற்படைத் தொப்பியோடு, மாலின் ஆட்டுக்குட்டியோடு. உன் போட்டோ என்று என்னிடம் இருப்பது அறுபத்தொன்பதில் எடுத்தது. அதில் நீ அவர் தோளில் கை போட்டிருக்கிறாய். இத்தனை வருஷமாக அதை டிராயரில் கவிழ்த்து வைத்திருந்தேன். இப்போது மாட்டலாம் என்று எடுத்தால், பக்கத்தில் வைக்க இப்போதைய நீ வேண்டும். அந்தக் காகிதச் சுருளை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நில், ஐந்து ஓட்டையும் தெரிகிற மாதிரி. கண்ணாடியைக் கழற்றாதே, தொப்பியை மட்டும் கழற்று. யாரையாவது எடுக்கச் சொல்லி உடனே அனுப்பு. நேரில் வரும்போது தருகிறேன் என்று சொல்லாதே. போட்டோவைத் தபாலில் போடலாம், போஸ்ட் ஆபீஸ் பெண்ணிடம் கேட்டுவிட்டேன்.

அக்கா